கண்ணாடித் தொட்டியில் கடலை வைத்த தையற்காரி

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன்கள் நீந்துவதைக் கண்டால் நம் கால்கள் தாமாகவே நின்றுவிடுகின்றன. கண்மாய் நிறைந்தால்தான் அந்த ஆண்டு பிழைத்தோம் என்று மகிழும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீரே ஒரு காட்சிப் பொருள். அதற்குள் ஓர் உயிரும் அசைந்தால் கேட்கவா வேண்டும்? கடல் உயிர்களை வீட்டிலே வளர்த்து ஆராய்வதற்கென்று முதன்முதலில் இத்தகைய தொட்டியை அமைத்தவர் பட்டம் பெற்ற பேராசிரியர் அல்லர். ஊசியும் நூலும் பிடித்துப் பிழைத்த ஓர் எளிய குடும்பத்துப் பெண். அவர்தாம் ழான் வில்ப்ரோ பவர் அம்மையார்.

பிரான்சு நாட்டில் ழுயாக் என்னும் சிற்றூரில் 1794-ஆம் ஆண்டு ழான் பிறந்தார். தந்தை செருப்புத் தைப்பவர். தாய் துணி தைப்பவர். பதினெட்டாம் வயதில் தையல் வேலை தேடிப் பாரிஸ் மாநகரை நோக்கி நடந்தே புறப்பட்டார். தொலைவு 400 கிலோமீட்டருக்கும் மேல். அருப்புக்கோட்டையில் புறப்பட்டுத் திண்டிவனம் வரை நடப்பதாக எண்ணிப் பாருங்கள்! வழியில் இன்னல்கள் நேர்ந்து தாமதமாயிற்று. அவர் போய்ச் சேர்ந்தபோது, அவருக்கென்று சொல்லி வைத்திருந்த வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. ழான் ஊர் திரும்பவில்லை. வேறொரு தையற்கடையில் உதவியாளாகச் சேர்ந்தார்.

அவருடைய கைத்திறன் விரைவில் ஊரறிந்ததாயிற்று. 1816-ஆம் ஆண்டு பெரி கோமகனை மணந்த இளவரசி கரோலினின் திருமண உடையை உருவாக்கும் பேறு அவருக்குக் கிடைத்தது. அந்நாட்களில் அறிமுகமான ஜேம்ஸ் பவர் என்னும் வணிகரை 1818-இல் மணந்து, இத்தாலியை அடுத்த சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்தில் குடியேறினார்.

செல்வர் வீட்டு இல்லத்தரசியாக ஓய்ந்து அமர்ந்திருக்கலாம். ஆனால் அவர் மனம் அதில் அமையவில்லை. அக்காலத்தில் பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவு திறக்கவில்லை. ஆகவே தாமே நூல்களைப் படித்தார். சிசிலித் தீவைச் சுற்றிச் சுற்றி வந்து செடிகொடிகள், வண்ணத்துப்பூச்சிகள், சிப்பிகள், கற்படிவங்கள் ஆகியவற்றைத் திரட்டினார். கடைசியில் கடல் அவரைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது.

மெசினாக் கடலில் ஆர்கோநாட் என்ற ஓர் உயிர் உண்டு. நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்று சொல்லும் எண்காலியின் இனம் அது. காகிதம் போல் மெல்லிய வெள்ளை ஓட்டுக்குள் அது வாழும். அந்த ஓடு அதற்குச் சொந்தமா, இரவலா? சில நண்டுகள் காலிச் சங்கில் குடியேறுவது போல இதுவும் பிறர் வீட்டில் குடியிருக்கிறதா? அரிஸ்டாட்டில் காலம் தொட்டு அறிஞர்கள் இதுபற்றி வாதிட்டு வந்தனர். பெரும்பாலோர் கையிலிருந்ததெல்லாம் செத்துச் சுருங்கிய உடல்தான். உயிரோடு வைத்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும் என்று ழான் கண்டார்.

1832-ஆம் ஆண்டு முதல் அவர் இதற்கென்றே தொட்டிகளை அமைக்கலானார். ஒன்று, வீட்டுக்குள் வைக்கும் கண்ணாடித் தொட்டி. இரண்டாவது, கூண்டுக்குள் பொருத்திக் கடலில் இறக்கும் கண்ணாடித் தொட்டி. மூன்றாவது, நங்கூரம் இட்டுக் கடலிலேயே நிறுத்தும் பெருங்கூண்டு. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளுக்கு ஓடு இல்லாதிருந்ததையும், பின்னர் அவை தாமே ஓடு அமைத்துக்கொண்டதையும் பொறுமையாகக் கவனித்தார். ஓட்டின் ஒரு பகுதியை உடைத்துப் பார்த்தார். அந்த உயிர் தன் இரண்டு அகன்ற கரங்களால் ஓட்டைத் தழுவி, கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவது போலப் புதிய ஓட்டை வளர்த்து மூடியது. தையற்காரியின் கண்ணுக்கு அந்த ஒட்டு தப்புமா? ஓடு ஆர்கோநாட்டுக்கே சொந்தம் என்று மெய்ப்பிக்கப்பட்டது. முட்டைகளைக் காக்க ஓட்டை அமைப்பது பெண் ஆர்கோநாட் மட்டுமே என்பது இதில் இன்னொரு வியப்பு.

லண்டன் விலங்கியல் கழகத்தில் ரிச்சர்ட் ஓவன் என்னும் பேரறிஞர் 1839-இல் இந்த முடிவை எடுத்துரைத்தார். கட்டானியா நகரின் ஜியோனியா அறிவியல் கழகம் ழானைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது.

கடல் உயிரை வீட்டில் வாழவைப்பது எத்துணைக் கடினம் என்பதற்கு ஜெல்லி மீனே சான்று. தொட்டால் உடம்பு அரிக்கும் என்பதால் நம் கடற்கரை மக்கள் அதைச் சொறி என்பர். பெயரில் மீன் இருந்தாலும் அதற்கு எலும்பு இல்லை; இதயமில்லை; மூளையில்லை. உடலில் சுமார் 95 விழுக்காடு தண்ணீரே. 1881-ஆம் ஆண்டு இறுதியில் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மானிய அறிஞர் நம் அண்டையிலுள்ள இலங்கையின் வெலிகாமத்துக்கு வந்து, தங்கிய விடுதியையே ஆய்வுக்கூடமாக்கினார். கடலில் பிடித்த ஜெல்லி மீன்கள் வெப்பம் தாளாமல் சிறிது நேரத்திலேயே மடிந்து உருக்குலைந்தன. மூலையுள்ள சதுரத் தொட்டியும் அவற்றுக்கு ஆகாது. ஓரங்களில் மோதிக் கிழிந்துபோகும். 1960-களில் ஜெர்மனியின் வுல்ஃப் கிரேவ், தண்ணீர் ஓயாது மெல்லச் சுழலும் வட்டத் தொட்டியை உருவாக்கிய பிறகே வழி பிறந்தது. இன்று சிலர் வீட்டிலேயே ஜெல்லி மீன் வளர்ப்பதும் அத்தகைய தொட்டியில்தான். உயிரைக் கொண்டுவந்தால் போதாது. அது வாழும் கடலின் தன்மையையும் கூடவே கொண்டுவர வேண்டும். அன்று ழான் அம்மையார் கடலிலேயே கூண்டை நிறுத்தியதும் இதனால் அன்றோ?

அவருக்கும் பேரிடி ஒன்று காத்திருந்தது. சிசிலியில் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த பொருள்களையும், எழுத்துப் படிகளையும், ஓவியங்களையும் கப்பலில் ஏற்றி அனுப்பினார். கப்பல் கடலில் மூழ்கியது. எந்தக் கடலைத் தம் வாழ்நாளெல்லாம் நேசித்தாரோ, அந்தக் கடலே அவர் உழைப்பை விழுங்கிவிட்டது! அதன் பின் அவர் புதிய ஆராய்ச்சியில் இறங்கவில்லை. ஆயினும் தாம் அறிந்ததை எழுதிவந்தார். 1850-களில் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு மீன் தொட்டி வைக்கும் மோகம் பரவியபோது அவர் பெயரை நினைத்தவர் சிலரே. அவர்களுள் ஒருவரான ஓவன், தொட்டியை முதலில் அமைத்த பெருமை இவருக்கே உரியது என்று 1858-இல் எழுதினார்.

1870-இல் போரின்போது பாரிஸ் நகரம் முற்றுகையிடப்பட்டது. ழான் தாம் பிறந்த ழுயாக்குக்கே திரும்பி, 1871 சனவரியில் கண்மூடினார். நூறாண்டுகளுக்கும் மேலாக உலகம் அவரை மறந்திருந்தது. 1997-இல் வெள்ளிக் கோளின் பெருங்குழி ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

மாணவியரே, தறியில் அறுந்த ஒற்றை இழையைக் கண்டுபிடித்து முடிச்சிடும் கண்கள் நம் அருப்புக்கோட்டையில் எத்தனை எத்தனை! அந்தக் கூர்மையே அறிவியலுக்கும் முதற்படி. கடல் நமக்குத் தொலைவும் அன்று. காலையில் புறப்பட்டால் நண்பகலுக்குள் மண்டபம் போய்ச் சேரலாம். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971 வரை தன் தலைமையகத்தை அங்கேதான் வைத்திருந்தது. மன்னார் வளைகுடாவில் இன்னும் விடை காணப்படாத வினாக்கள் பல காத்திருக்கின்றன. பட்டமும் பதவியும் வரும்வரை காத்திராமல், கையிலிருந்த ஊசியின் பொறுமையோடு கடலை அணுகிய அந்தப் பெண்மணியை நினைத்துக்கொண்டு, நம் வீட்டு வாசலிலும் கண்மாய்க் கரையிலும் உள்ள உயிர்களை உற்றுநோக்கத் தொடங்குவோமாக!