தாமஸ் நட்டால்

வட அமெரிக்காவின் மேற்கே மழை குறைந்த பெருநிலங்கள் உள்ளன. அங்கே சேஜ்பிரஷ் என்னும் சாம்பல் நிறப் புதர் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை பரவியிருக்கும். அது நறுமணம் வீசும் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்தது. இளவேனிலில் பனி உருகியதும், அப்புதர்களின் இடையே மஞ்சள் மலர்களோடு ஒரு சிறிய வயலட் செடி தலைநீட்டும். பெரும்பாலும் ஒரு சாணுக்கு மேல் வளராத அச்செடி, கோடை முற்றுமுன் இலைகள் வாடி மறைந்துவிடும். ஆயினும் மண்ணுக்குள் தன் உயிரைக் காத்துக்கொள்ளும். அதன் விதைகளை எறும்புகள் சுமந்து சென்று பரப்பும். இச்செடிக்கு நட்டால் வயலட் என்று பெயர். அப்பெயருக்கு உரியவர் யார்?

தாமஸ் நட்டால் 1786ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் பிறந்தார். இளமையில் தம் சிற்றப்பனாரின் அச்சகத்தில் தொழில் பயின்றார். ஆனால், அவர் உள்ளம் செடிகொடிகளையே நாடியது. 1808இல் அவர் அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரை அடைந்தார். அங்கே பார்ட்டன் என்னும் பேராசிரியர் அவருடைய ஆர்வத்தைக் கண்டு, செடிநூல் கற்க ஊக்கமளித்தார்.

1811இல் நட்டால், மென்மயிர்த் தோல் வணிகர்களோடு மிசௌரி ஆற்றின் வழியே சென்றார். படகு கரையை அடைந்ததும் அவர் குதித்தோடிச் செடிகளைத் தேடுவார். பசியையும் பகைவர் அச்சத்தையும் மறப்பார். உடன் வந்த படகோட்டிகள் அவரைப் பித்தர் என எள்ளி நகையாடினர். அவர் செடிகளை அகழ்வதற்குத் துப்பாக்கியையே பயன்படுத்தியதால், அதன் குழாயில் மண் அடைத்திருந்தது என்றும் கூறுவர்.

போர் நெருங்கியமையால் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பினார். அங்கே பர்ஷ் என்னும் அறிஞர், நட்டால் அரிதின் முயன்று கண்ட செடிகள் சிலவற்றைத் தம் நூலில் முந்தி வெளியிட்டுவிட்டார். அவற்றை முதன்முதலில் உலகுக்கு அறிவிக்கும் பேற்றை நட்டால் இழந்தார். மஞ்சள் வயலட்டுக்கு நட்டாலின் பெயரைச் சூட்டியவரும் அந்தப் பர்ஷே ஆவார்.

நட்டால் மனம் தளரவில்லை. 1815இல் மீண்டும் அமெரிக்கா சென்றார். வட அமெரிக்கச் செடியினங்களைப் பற்றிய தம் பெருநூலை 1818இல் வெளியிட்டார். அதன் எழுத்துகளுள் பெரும்பகுதியைத் தம் கையாலேயே கோத்தார் என்பர். இளமையில் கற்ற கைத்தொழில் அன்று அவருக்குத் துணைநின்றது.

பின்னர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் செடித் தோட்டத்தைப் பத்தாண்டுகளுக்கு மேல் பேணினார். 1834இல், தம் 48ஆம் வயதில், அப்பணியைத் துறந்து ராக்கி மலைத்தொடரைக் கடந்து பசிபிக் கடற்கரையை அடைந்தார். வழியில் கண்ட சேஜ்பிரஷ் புதரின் இலை நுனியில் மூன்று பற்கள் இருப்பதை உற்று நோக்கினார். அதனைக் குறிக்கும் அறிவியற்பெயரை 1841இல் அதற்கு அளித்தார்.

முதுமையில், உறவினர் விட்டுச்சென்ற பண்ணையின் பொருட்டு இங்கிலாந்து சென்ற நட்டால், 1859இல் அங்கே காலமானார். புதருக்கு அவர் பெயரிட்டார். அப்புதரின் நிழலில் மலரும் வயலட் அவர் பெயரைத் தாங்குகிறது. பிறர் மிதித்துச் சென்ற சிறு செடியின்முன் மண்டியிட்டு அமர்ந்தவரின் பெயர், ஆண்டுதோறும் அம்மலரோடு நினைக்கப்படுகிறது.