எல்லாப்பிரகட சுப்பாராவ்

இராயபுரத்து வீதிகளிலே யானைக்கால் வீங்கித் தடியூன்றி நடக்கும் முதியோர் சிலரை இன்றும் காண்கின்றோம். அந்நோய்க்குரிய மாத்திரையையும், குழவிகளின் இரத்தப்புற்றை முதன்முதல் அடக்கிய மருந்தையும் உலகிற்கு ஈந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவரென்பதைப் பலர் அறியார்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு, அந்நாளைய சென்னை மாகாணத்துப் பீமாவரத்திற் பிறந்தனர். இளமையில் துறவு பூண விழைந்தும், அன்னையார் இசையாமையால் வைத்தியங் கற்கலாயினர். அந்நாளில் அவர்தம் உடன்பிறந்தாரொருவரை ஸ்ப்ரூ என்னுங் குடல்நோய் கொண்டுபோயிற்று. காந்தியடிகளின் அழைப்பிற்கிணங்கக் கதருடுத்துச் சத்திரசிகிச்சைப் பயிற்சிக்குச் சென்றமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்திற்காளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் இழந்து, தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே பெற்றனர். உடையின் பொருட்டு ஒரு மாணவனைத் தாழ்த்தியது அடாத செயலேயாம். சிலகாலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தபின், மனைவியாரைப் பிரிந்து அமெரிக்கா ஏகினர். மீண்டும் தாய்மண்ணை மிதித்தாரல்லர். அவ்வம்மையாரை நினைக்குந்தோறும் நம் நெஞ்சம் அமைதி கொள்வதில்லை.

ஹார்வர்டில் ஃபிஸ்கே என்பாருடன் உழைத்து, உயிரணுக்கள் ஆற்றல் வழங்கப் பயன்படுத்தும் ஏ.டி.பி. என்னும் பொருளை 1929-இல் வெளிப்படுத்தினர். குருதியிலுள்ள தட்டணுக்கள் இப்பொருளைத் தம்முட் பொதிந்து வைத்துக் காயங் கண்டவிடத்து உமிழ்கின்றன. அவை உதிர்க்கும் நுண்பைகளைப் புற்றணுக்கள் ஏற்றுத் தம் உட்செய்திகளை மாற்றிக்கொள்வதையும் இக்காலத்தார் ஆராய்கின்றனர். அவர் காலத்தில் இஃது எவர்க்கும் தெரியாது.

ஹார்வர்டில் நிலைத்த பதவி கிட்டவில்லை. 1940-இல் லெடர்லி ஆய்வுக்கூடஞ் சேர்ந்தனர். அவர் தலைமையில் ஃபோலிக் அமிலம் 1945-இற் செயற்கையாக ஆக்கப்பெற்றது. உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு அதுவே மருந்தாயிற்று!

ஆயின் அவ்வமிலம் இரத்தப்புற்றுற்ற குழந்தைகட்குத் தீங்கு செய்வதாகப் பாஸ்டன் மருத்துவர் ஃபார்பர் ஐயுற்றனர். அமிலத்தையே ஒத்து, அணுவினுட் புகுந்து, அதன் தொழிலைத் தடுக்கும் போலிப்பொருள் வேண்டுமென்றார். சுப்பாராவின் குழுவினர் அதனைச் செய்தளித்தனர். புற்றணுக்கள் எலும்பு மச்சையை நிறைக்கத் தட்டணுக்கள் அருகி, ஈறும் மூக்கும் குருதி கசிந்து மாளும் குழந்தைகட்கு அந்நாளில் வேறு வழியில்லை. 1948-இல் ஃபார்பர் வெளியிட்ட கணக்கின்படி, மருந்துண்ட 16 குழந்தைகளுள் 10 பேர் தேறினர். நோய் பின்னர் மீண்டது. ஆயினும் தேறியதென்பதே அதுகாறும் கேட்டறியாத செய்தி.

அவ்வாண்டு ஆகஸ்டில், 53-ஆம் வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே உயிர் நீத்தனர். அக்குழுவினர் ஆக்கிய மெத்தோட்ரெக்சேட் என்னும் மற்றொரு மருந்து, இன்றும் இரத்தப்புற்றுற்ற குழந்தைகட்கு வழங்கப்படுகின்றது.