சேரன்மாதேவிக் குருகுலம் கண்ட வ. வே. சு. ஐயர்

கல்வி யாது என்று வினவின், நம்மில் பலர் மதிப்பெண்ணையும் அதனால் கிட்டும் உத்தியோகத்தையுமே சுட்டுவோம். ஊரை விட்டு வந்து குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் நமக்கு அது இயல்பேயாகும். ஆயினும், அறிவும் உடலும் கைத்திறனும் நாட்டுப்பற்றும் ஒருங்கே வளர்வதுதான் கல்வி என்று துணிந்து, பொதிகை மலைச் சாரலை அடுத்து ஒரு பள்ளி கண்ட தமிழர் ஒருவர் இருந்தார். அவரே வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். அவருடைய பெருமையையும், அவர் பள்ளி இடறி விழுந்த இடத்தையும் நாம் ஒருங்கே அறிந்துகொள்ளல் நன்று.

திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த வரகனேரியில் 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் அவர் பிறந்தார். புனித சூசையப்பர் கல்லூரியில் பயின்று வக்கீலானார். சிறிது காலம் இரங்கூனிலும் தொழில் நடத்தினார். பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்கத்துடன் 1907இல் இலண்டன் சென்றார். அங்கே இந்தியா ஹவுஸ் என்னும் விடுதியில் சாவர்க்கர் முதலியோரின் நட்புக் கிடைத்தது. பட்டத்தினும் நாட்டின் விடுதலையே பெரிதாயிற்று. பல மாகாணத்தாரும் பல சமயத்தாரும் ஒன்றாக உண்டு உறைந்த விடுதி அது என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

1910இல் போலீசார் வலை விரிக்கவே, ஐயர் சீக்கியர் வேடம் பூண்டு இங்கிலாந்தை விட்டு நீங்கினார். பெட்டியில் இருந்த வ. வே. சு. என்பதன் ஆங்கில முதலெழுத்துக்களுக்கு வீர விக்கிரம சிங் என்று பெயர் கூறித் துப்பறிவோரை ஏமாற்றினார் என்பது இன்றும் வழங்கும் செய்தி. அவ்வாண்டிலேயே பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்து, சுமார் பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அருகிலிருந்தனர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்ததும், தமிழ்ச் சிறுகதைக்கு வழிகாட்டியாகக் கருதப்படும் ‘குளத்தங்கரை அரசமரம்’ என்னும் கதையை எழுதியதும் அக்காலத்தேதான்.

1920இல் தமிழகம் திரும்பிய ஐயர், சென்னையில் ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார். அரசத் துரோகக் குற்றம் சாட்டி அடுத்த ஆண்டு அவரைப் பல்லாரிச் சிறையில் அடைத்தனர். ஒன்பது மாதச் சிறைவாசத்தை வீணாக்காமல், கம்பராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் அரியதோர் ஆராய்ச்சி நூல் எழுதினார்.

சிறை மீண்டவர் உள்ளத்தில் கல்வித் தொண்டு இடம் பெற்றது. ஒத்துழையாமை இயக்கத்தின் பயனாக அரசாங்கச் சார்பற்ற தேசியப் பள்ளிகள் நாடெங்கும் தோன்றிய காலம் அது. திருநெல்வேலிக்கு மேற்கே, தென்காசி செல்லும் இரயில் பாதையில், தாமிரபரணி நதி பாயும் ஊர் சேரன்மாதேவி. மேற்கே நோக்கினால் மலைத் தொடர் தெரியும். அவ்வூரில் 1922இல் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். தாய்மொழியாகிய தமிழின் வாயிலாகவே கல்வி, இலக்கியத்தோடு விஞ்ஞானம், ஏட்டுப் படிப்போடு தேகப் பயிற்சியும் கைத்தொழிலும். மாணவர் அங்கேயே தங்கி, ஆசிரியரோடு உடன் வாழ்ந்து கற்றனர். அரசாங்க மானியத்தை நாடாமல் பொதுமக்களின் நன்கொடையைக் கொண்டே குருகுலம் நடைபெற்றது. ‘பாலபாரதி’ என்னும் இதழையும் ஐயர் நடத்தினார். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் அளிக்க இசைந்து, முதற்கண் ஐயாயிரம் வழங்கியது.

இத்துணைச் சிறப்புடைய நிலையத்தில் ஒரு குறை புகுந்தது. பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவளிக்கப்பட்டது. பெற்றோருக்குத் தாம் கொடுத்த வாக்கு அது என்பது ஐயர் தரப்பின் விளக்கம். செய்தி வெளிப்பட்டதும் தமிழகம் கொந்தளித்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ இதழிலும் மேடைகளிலும் கண்டித்தார். ஈ. வெ. இராமசாமிப் பெரியார் எஞ்சிய பணத்தைத் தர மறுத்தார். பொதுமக்கள் பணத்தில் நடக்கும் தேசியப் பள்ளியில் பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிப்பதா என்பதே அவர்கள் கேள்வி. காந்தியடிகள் இடையிட்டும் பிணக்குத் தீரவில்லை. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். மகாதேவ ஐயர் அப்பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அப்பிரிவுக்குக் குருகுலப் பூசலும் ஒரு காரணமாயிற்று.

அம்மாநாட்டைக் காண ஐயர் உயிரோடில்லை. ஜூன் மாதத் தொடக்கத்தில் மாணவர்களுடன் பாபநாசம் மலைக்குச் சென்றபோது, கலியாண தீர்த்த அருவியில் அவர் மகள் சுபத்திரை தவறி விழுந்தாள். மகளைக் காக்க நீரில் பாய்ந்த தந்தையும் மீளவில்லை. அப்பொழுது அவருக்கு வயது 44.

பேரரசின் ஒற்றர்களை அஞ்சாத வீரர், இரு பெற்றோரின் மனக்குறைக்கு ஏன் அஞ்சினார்? அவருடைய தமிழ்த் தொண்டையும் தியாகத்தையும் எண்ணுங்கால் நெஞ்சு நெகிழ்கிறது. எனினும் அவர் செய்தது பிழையன்று என்று கூற மனம் துணியவில்லை. தனியே உண்ட இருவரைக் காட்டிலும், அதனை நாள்தோறும் பார்த்து நின்ற ஏனைச் சிறுவர் கற்ற பாடமே கொடியது. ஆசிரியர் வாயால் ஒற்றுமையைக் கற்பிக்க, பந்தி வேற்றுமையைக் கற்பித்தது. பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் பந்தியையே நன்கு படிக்கின்றனர்.

இஃது எங்கோ நடந்த பழங்கதை என்று நாம் ஒதுக்குவதற்கில்லை. நமக்கு அண்மையிலுள்ள தாராவியில் தோல் பதனிடும் தொழிலுக்காக முன்னாளில் வந்து குடியேறியவருள் பலர் அதே திருநெல்வேலிச் சீமையினர். ஊரில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தோர். ஆண்டாப் ஹில்லில் நம் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடுகின்றனர். ஒரே பள்ளியில் படிக்கின்றனர். ஆயினும் ஊர் எது என்று கேட்டுவிட்டு, அதன்பின் தெரு எது என்றும் கேட்கும் பழக்கம் நம் பெரியவர்களிடத்தில் முற்றும் ஒழிந்துவிடவில்லை. அந்த இரண்டாம் கேள்வி பிள்ளைகளின் காதில் விழுகிறது.

ஐயர் கனவு கண்ட முழுமையான கல்வியை ஒரு சங்கம் முற்றிலும் தந்துவிட இயலாது. தமிழெழுத்தும் தேகப் பயிற்சியும் ஒரு கைத்தொழிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் சிறிது கற்பிக்கலாம். அவர் தவறவிட்ட பாடத்தையோ, செலவின்றி இன்றே கற்பிக்கலாம். ஆண்டு விழா விருந்தன்று எவர் எவருக்கு அருகில் அமர்வது என்று எண்ணாமல், இலை விரித்த வரிசையில் குடும்பத்தோடு அமர்வோமாக. அதுவே அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.