வேலூர் அம்மையாரும் தாதியர் பள்ளியும்

பிழைப்பைத் தேடி எங்கள் குடும்பம் வந்து தங்கிய ஊர் குடுபல்லி. அங்கே ரயிலேறினால் குப்பம், சோலையார்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் கடந்து காட்பாடியில் இறங்கலாம். சென்ற ஆண்டு என் அத்தையை அவ்வழியேதான் வேலூருக்கு அழைத்துச் சென்றேன்.

அதற்கு முன் வேறோர் ஊர் மருத்துவமனையில் அவருக்கு வயிற்றில் அறுவை நடந்தது. கத்தி பிடித்தவர் கைதேர்ந்தவர்தாம். ஆனால் கட்டு மாற்ற வந்தவர், ஒரே தட்டை ஏந்திக் கை கழுவாமலே கட்டிலுக்குக் கட்டில் சென்றதை நானே கண்டேன். நான்காம் நாள் காய்ச்சல். ஆறாம் நாள் சீழ். நுண்ணுயிரியல் பயிலும் நான் வாய் திறவாது நின்றேன். அதை எண்ண இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வேலூரில் அத்தை தேறிவந்த நாட்களில், அம்மருத்துவமனையைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அம்மையார் 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்கப் பாதிரிமாரும் மருத்துவருமாக வாழ்ந்த குடும்பம். அவருக்கோ மருத்துவத்தில் நாட்டமே இல்லை. தாயின் உடல்நலம் கருதித் திண்டிவனம் வந்திருந்தவர், அமெரிக்கா திரும்பவே எண்ணியிருந்தார். ஓரிரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆடவர் வந்து, பேறுகால வேதனையில் துடித்த தத்தம் மனைவியைக் காக்க அவரை அழைத்தனர். தந்தை டாக்டர், எனினும் ஆண் மருத்துவரை ஏற்க அவர்கள் இசையவில்லை. மூன்று பெண்களும் மாண்டனர். மருத்துவம் பயிலப் புறப்பட்ட அம்மையார், 1899 இல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900 இல் வேலூர் வந்தார். 1902 இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

இவ்வளவும் பலர் அறிந்த கதை. என்னை நிறுத்தியது வேறொரு செய்தி. அவர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1918 இல். தாதியர் பயிற்சியைத் தொடங்கியதோ 1909 இல்! டாக்டர்களை உருவாக்குவதற்கு ஒன்பது ஆண்டு முன்பே தாதியரை உருவாக்கப் புகுந்துவிட்டார்.

காரணம் எனக்கு இப்படித் தோன்றுகிறது. அறுவை ஒரு மணி நேரம். புண் ஆறப் பல நாள். அத்தனை நாளும் நோயாளி தாதியின் கையில்தானே இருக்கிறார்? 1847 இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்பார், மருத்துவர்களைக் குளோரின் கலந்த சுண்ண நீரில் கை கழுவச் செய்து, பேறுகாலக் காய்ச்சலால் நேர்ந்த சாவைப் பெரிதும் குறைத்துக் காட்டினார். பலர் அவரை நம்பவில்லை. 1867 இல் லிஸ்டர், புண்ணில் கிருமி புகாது காக்கும் முறையை வெளியிட்டார். அம்மையார் படித்த காலத்தில் இவையெல்லாம் பாடமாகியிருந்தன. ஆனால் பாடம் அறிந்த டாக்டர் ஒருவர், படுக்கைகள் 40. பாடத்தை இரவும் பகலும் செய்துகாட்டும் கைகள் வேண்டுமே! பிறர் சீழையும் மலத்தையும் தொடுவது சாதிக்கு இழுக்கு என்று எண்ணிய நாட்டில் அக்கைகளைத் தேடுவது எளிதன்று. அறுவை செய்வதைவிட அது கடினமாயிருந்திருக்கும் என்பேன்.

ஊர் திரும்பியதும் ஆய்வுக்கூடத்தில் என் விரல்களை அகார் தட்டில் பதித்து வைத்தேன். மறுநாள் விரலின் வடிவிலேயே கிருமிக் கூட்டம் முளைத்திருந்தது. சாராயக் கரைசலால் துடைத்துப் பதித்த தட்டில் இரண்டே புள்ளிகள்.

1946 இல் வேலூரில் தாதியர் பட்டப்படிப்புத் தொடங்கியபோது அம்மையாருக்கு வயது 75. 1960 மே மாதம் கோடைக்கானலில் மறைந்தார்.

அத்தைக்கு இப்பெயர்களும் ஆண்டுகளும் நினைவில் நிற்பதில்லை. கட்டு மாற்ற வந்த பெண் ஒவ்வொரு முறையும் முதலில் கை கழுவியதைத்தான் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.