மருதநாயகம்

மருதநாயகம் (முகமது யூசுப் கான் அல்லது கான் சாகிப்; ஏறத்தாழ 1725 - அக்டோபர் 15, 1764) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் சிப்பாய்ப் படைத் தளபதியாகவும் பின்னர் மதுரையின் ஆளுநராகவும் விளங்கியவர் ஆவார். தன்னை உயர்த்திய கம்பனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து மதுரையில் தனியாட்சி நிறுவ முயன்று தூக்கிலிடப்பட்டார்.

இளமை

இவர் இராமநாதபுரம் சீமையில் உள்ள பனையூரில் இந்துக் குடும்பம் ஒன்றில் பிறந்து, பின்னர் இசுலாத்தைத் தழுவினார் என்பது பரவலாக ஏற்கப்படும் செய்தியாகும்.

படைப்பணி

ஆற்காட்டு நவாப் பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிப்பும் போரிட்டனர். முன்னவரை ஆங்கிலேயரும் பின்னவரைப் பிரெஞ்சுக்காரரும் ஆதரித்தனர். கலவை, ஆற்காடு, காவேரிப்பாக்கம் ஆகிய ஊர்கள் அடங்கிய இன்றைய இராணிப்பேட்டை மாவட்டப் பகுதி இப்போரின் களங்களுள் ஒன்றாக இருந்தது. 1751இல் இராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைக் கைப்பற்றி, முற்றுகையைத் தாங்கி நின்றார். இப்போர்களின் காலத்தில் யூசுப் கான் கிளைவின் படையில் சேர்ந்தார்.

திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது உணவு வண்டிகளை எதிரிகளிடமிருந்து காத்து நற்பெயர் பெற்றார். கம்பனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியாக உயர்ந்தார். தங்கப் பதக்கமும் பெற்றார். 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து தாக்கி அவரது படையை அலைக்கழித்தார்.

மதுரை ஆட்சி

1759இல் மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளை ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் குத்தகைக்குப் பெற்றார். கள்ளர் நாட்டில் காடுகளை வெட்டிப் பாதை அமைத்து, பிடிபட்டவர்களை இரக்கமின்றிக் கொன்றார். 1761இல் பூலித்தேவரின் நெற்கட்டான்செவல், வாசுதேவநல்லூர்க் கோட்டைகளைக் கைப்பற்றினார். அதே வேளையில் கோயில் நிலங்களை மீட்டளித்தார், ஏரிகளைச் செப்பனிட்டார், நெசவுத் தொழிலை ஊக்குவித்தார்.

கிளர்ச்சியும் முடிவும்

குத்தகையை 7 இலட்சமாக உயர்த்தித் தர அவர் முன்வந்தும் நவாபும் கம்பனியும் ஏற்கவில்லை. தன்னை நவாபின் பணியாளராகக் கருதுவதை ஏற்க மறுத்த யூசுப் கான், 1763இல் வெளிப்படையாக எதிர்த்து நின்று, மதுரையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். ஆனால் பிரெஞ்சுக்காரர் 1761இலேயே புதுச்சேரியை இழந்திருந்தனர். 1763ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கை போரையும் முடித்துவிட்டது. எனவே வெளியுதவிக்கு வழியில்லை. அவரால் ஒடுக்கப்பட்ட பாளையக்காரர்களிடமும் ஆதரவை எதிர்பார்க்க இயலவில்லை.

1763இல் நடந்த முதல் முற்றுகை தோற்றது. 1764 சூன் மாதத் தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. பின்னர் உணவு வழிகள் அடைக்கப்பட்டதால் கோட்டைக்குள் பஞ்சம் ஏற்பட்டது. சரணடையுமாறு கூறியவர்களை அவர் இழிவுபடுத்தினார் என்று சொல்லப்படுகிறது. இறுதியில் சீனிவாசராவ், பாபா சாகிப், பிரெஞ்சு அதிகாரி மார்ச்சந்து ஆகியோர் அவர் தொழுகையில் இருந்தபோது பிடித்து ஒப்படைத்தனர். அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். உடல் துண்டிக்கப்பட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டது. மதுரை சம்மட்டிபுரத்தில் இவரது அடக்கத்தலம் உள்ளது.

ஆளுமை பற்றிய மதிப்பீடு

அச்சமின்மை, இரக்கமின்மை, தன்னைப் பற்றிய மிகையான மதிப்பு ஆகியவை சைக்கோபதி எனப்படும் ஆளுமைக் கோளாற்றின் கூறுகளாக இன்றைய உளவியலில் எண்ணப்படுகின்றன. யூசுப் கானின் செயல்கள் சில இவற்றை நினைவூட்டினும், இறந்தவரை நேரில் ஆராயாமல் அவ்வாறு வகைப்படுத்த இயலாது. பொறுப்பின்மை, திட்டமின்மை ஆகிய கூறுகள் அவரது நிர்வாகத்தில் காணப்படவில்லை. மேலும், அவரது கடுமை கம்பனிக்குப் பயன்பட்டவரை திறமையாகப் போற்றப்பட்டது. அவர் தனக்காகப் போரிட்டபோதே துரோகம் எனப்பட்டது.

திரைப்படம்

இவரை நாயகனாகக் கொண்டு நடிகர் கமல்ஹாசன் தொடங்கிய மருதநாயகம் திரைப்படத்தின் தொடக்க விழா, 1997 அக்டோபரில் சென்னையில் பிரித்தானிய அரசி இரண்டாம் எலிசபெத் முன்னிலையில் நடைபெற்றது. பொருட்செலவு காரணமாகப் படப்பிடிப்பு இடையில் நின்றது.