சத்தியானந்த ஸ்டோக்ஸ்

சத்தியானந்த ஸ்டோக்ஸ் (ஆகஸ்ட் 16, 1882 - மே 14, 1946) இந்தியாவில் குடியேறி, இமாசலப் பிரதேசத்தின் ஆப்பிள் வேளாண்மைக்கு வித்திட்ட அமெரிக்கர் ஆவார். இவரது இயற்பெயர் சாமுவேல் எவான்ஸ் ஸ்டோக்ஸ்.

வாழ்க்கை

பிலடெல்பியாவில் செல்வம் மிக்க குவேக்கர் குடும்பமொன்றில் பிறந்தார். 1904 இல் இந்தியா வந்து, சிம்லா மலைப்பகுதியின் சபாத்து தொழுநோயாளர் இல்லத்தில் பணியாற்றினார். 1912 இல் ஆக்னஸ் என்னும் உள்ளூர்ப் பெண்ணை மணந்து, கோட்கட் பகுதியில் நிலம் வாங்கிக் குடியமர்ந்தார்.

ஆப்பிள் வளர்ப்பு

குலு பள்ளத்தாக்கில் ஆங்கிலேயர் முன்பே ஆப்பிள் பயிரிட்டிருந்தனர். அவை புளிப்பு மிகுந்தவை. இனிப்பை நாடிய இந்தியரிடம் எடுபடவில்லை. ஸ்டோக்ஸ், அமெரிக்காவின் ஸ்டார்க் சகோதரர்கள் நாற்றுப்பண்ணையின் ரெட் டெலிசியஸ் கன்றுகளை வரவழைத்து 1916 இல் தம் வீட்டுத் தோட்டத்தில் நட்டார். பெயரில் உள்ள சிவப்பு தோலுக்கு மட்டுமே உரியது. சதை வெண்மையானது, இனிப்பானது. கோல்டன் டெலிசியஸ் வகையையும் பின்னர் வளர்த்தார்.

ஆப்பிள் மரம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். தானியம் விளையும் சிறு நிலத்தை அதற்கு விட்டுக்கொடுப்பது மலை உழவர்களுக்கு எளிய முடிவன்று. ஸ்டோக்ஸ் அவர்களுக்குக் கன்றுகளை வழங்கி, வளர்ப்பு முறைகளையும் கற்பித்தார். நாளடைவில் கோட்கட் முழுவதும் ஆப்பிள் தோட்டங்களாயிற்று.

அரசியல்

மலைமக்களை ஊதியமின்றிச் சுமை தூக்க வைத்த பேகார் முறையை எதிர்த்துப் போராடினார். ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டு 1921 இல் கைதாகி, ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 1932 இல் இந்து சமயத்தைத் தழுவிச் சத்தியானந்த என்னும் பெயரை ஏற்றார். இந்திய விடுதலைக்குப் பதினைந்து மாதங்களுக்கு முன் காலமானார்.