கடலடியை வரைந்த மாலுமி

பெம்பானில் ரப்பர், செம்பனை மரங்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். சிறுவயதில் ஒரு பள்ளி விடுமுறையில் மலாக்கா கடற்கரைக்குப் போயிருந்தோம். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று நடந்துகொண்டே போனேன். அடுத்த அடியில் காலுக்குத் தரை இல்லை, கழுத்துவரை இறங்கிவிட்டேன். அப்பாதான் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க்கின் வரலாற்றைப் படித்தபோது அந்த நாள் நினைவுக்கு வந்தது. 1762இல் ஸ்காட்லாந்தின் ஈலி எனும் கடலோர ஊரில் பிறந்த அவர், 16 வயதில் கப்பலேறினார். 1786 மே மாதம் பத்தாவியாவிலிருந்து இலங்கைக்குச் சென்ற 'அட்லஸ்' கப்பலில் முதல் துணை மாலுமியாக இருந்தார். பிழையான வரைபடத்தை நம்பிய அக்கப்பல், டியேகோ கார்சியா தீவில் மோதி உடைந்தது.

மாணவர்களே, அக்காலத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கித்தான் ஆழம் பார்ப்பார்கள். கயிற்றை அளக்கும் கணக்கு பாகம். ஒரு பாகம் 6 அடி. குண்டின் அடியில் தடவிய கொழுப்பில் மணலோ சேறோ ஒட்டிவரும். கடலடி மெல்ல உயர்ந்தால் அளவு படிப்படியாகக் குறைந்து, கரை நெருங்குவதைச் சொல்லிவிடும். பவளத் தீவுகளில் அப்படியில்லை. அவை ஆழ்கடலிலிருந்து சுவர்போல் எழுபவை. மணிக்கு 5 கடல்மைல் வேகத்தில் போகும் கப்பல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 மீட்டர் நகரும். சரிவு 3 கிலோமீட்டருக்கு நீண்டால் திரும்ப 20 நிமிடம் கிடைக்கும். 150 மீட்டருக்குள் முடிந்தால் ஒரே நிமிடம்தான். அங்கே சரியான வரைபடமே காவல்.

உயிர் பிழைத்த ஹார்ஸ்பர்க், அதன்பின் போன கடல்களையெல்லாம் அளந்து குறித்தார். மற்ற மாலுமிகளின் குறிப்புகளையும் சேகரித்தார். 1809இலும் 1811இலும் வெளிவந்த அவரது கடல்வழி நூல், நம் மலாக்கா நீரிணையின் ஆழத்தையும் மணல்திட்டுகளையும்கூட விவரித்தது. 1810இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் வரைபட அதிகாரியானார். 1836இல் மறைந்தார்.

அவர் நினைவாகப் பத்து பூத்தே பாறையில் எழுந்த கலங்கரை விளக்கம் 1851 முதல் ஒளி வீசுகிறது. இன்று ஒலியலைக் கருவிகள் கடலடியின் சரிவைப் பட்டை பட்டையாக அளக்கின்றன. கப்பல் பாதைக்கு மட்டுமல்ல, கடலடிக் கம்பிவடம் பதிக்கவும், நிலச்சரிவு அபாயத்தை அறியவும் அந்த அளவு தேவைப்படுகிறது.

தனக்கு நேர்ந்த விபத்து இன்னொருவருக்கு நேரக்கூடாது என்று உழைத்தவர் ஹார்ஸ்பர்க். புவியியல் பாடத்தில் சம உயரக் கோடுகள் நெருங்கி வந்தால் சரிவு செங்குத்து என்று படிக்கும்போது, அவரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.